மண் போர்த்திய வீடு: நம் வெயிலுக்கு ஏற்றபடி, நம் விதிகளுக்குள்

சித்திரை மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலே கான்கிரீட் தளம் அனல் கக்குகிறது. பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தை அது இரவில்தான் அறைக்குள் இறக்குகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசி வாங்குகிறோம், மின்கட்டணம் கட்டுகிறோம், ஏசி வெளியே தள்ளும் சூட்டில் தெருவும் கொதிக்கிறது. வீட்டைக் கட்டும்போதே வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்க வழி இருக்கிறது. சுவரை ஒட்டி மண்ணைக் குவிப்பதும் தளத்தின் மேல் மண்ணைப் பரப்புவதும் அவற்றில் ஒன்று. இப்படிப்பட்ட வீடு நம் ஊரில் சாத்தியமா, அதற்குப் பிளான் அப்ரூவல் கிடைக்குமா, எங்கே கவனம் தவறினால் வீடே கெடும் என்பதையெல்லாம் இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

மூன்று வகை

மண் போர்த்திய வீடு என்றதும் பலருக்குக் குகையும் பாதாள அறையும்தான் மனதில் வருகின்றன. துனிசியாவின் மத்மாத்தாவில் நிலத்தில் பெரும் பள்ளம் தோண்டி, அதன் பக்கங்களில் அறைகளைக் குடைந்திருக்கிறார்கள். சீனாவின் மஞ்சள்மண் (லோயஸ்) பீடபூமியில் மலைச்சரிவைக் குடைந்த வீடுகளில் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கூபர் பெடியில் சுரங்கத் தொழிலாளர்கள் பாலைவன வெயிலுக்கு அஞ்சி மண்ணுக்குள் வீடு அமைத்துக்கொண்டார்கள். மூன்று இடத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றும் வறண்ட பகுதிகள், மழை குறைவு.

இன்றைய கட்டுமானத்தில் மூன்று வகைகளைப் பிரித்துச் சொல்லலாம். நிலமட்டத்துக்குக் கீழே முழுவதும் புதைந்த வீடு ஒரு வகை. மலைச்சரிவில் பின்பக்கம் மண்ணுக்குள்ளும் முன்பக்கம் வெளியிலுமாக நிற்கும் வீடு இன்னொரு வகை. நிலமட்டத்திலேயே சாதாரண வீடுபோலக் கட்டி, சில சுவர்களை ஒட்டி மட்டும் மண்கரை அணைத்து, தளத்தின் மேலும் மண் பரப்புவது மூன்றாம் வகை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மூன்றாவதுதான் பொருந்தும். வெயில், மழை, விதி மூன்றும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன.

மண் எப்படிக் குளிர்ச்சி தருகிறது?

மண் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாகக் கடத்தும். பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்ப அலை முப்பது சென்டிமீட்டர் மண்ணைக் கடப்பதற்குள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துவிடும். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையிலான பெரிய அலை இன்னும் ஆழமாகப் போகும். மூன்று, நான்கு மீட்டர் ஆழத்துக்குப் போனால் அதுவும் பெரும்பாலும் அடங்கி, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலைக்குப் பக்கத்தில் மண் நிலையாக நிற்கும்.

இங்கேதான் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. சென்னையில் ஆண்டுச் சராசரி 28 முதல் 29 டிகிரி. பெங்களூரு, ஓசூர் மேட்டுநிலத்தில் 24 டிகிரியை ஒட்டி வரும். உதகையில் 14, 15 டிகிரிதான். ஆகவே சென்னையில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் 28 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சி கிடைக்காது. மே மாதத்து 40 டிகிரி வெயிலைத் தடுக்க மண் உதவும். ஆனால் ஏசி தரும் குளிரை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் போன்ற மேட்டு நிலங்களில்தான் மண்ணின் பலன் தெளிவாகத் தெரியும்.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுக்காதீர்கள்

இந்தத் துறையின் புகழ்பெற்ற நூல்கள் பலவும் 1970களின் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி அமெரிக்காவில் வந்தவை. மினசோட்டா பல்கலைக்கழகம் இதற்கெனத் தனி ஆய்வு மையமே நடத்தியது. மினசோட்டாவில் கடும் பனி. அங்கே ஆண்டுச் சராசரியே 8 டிகிரி அளவுதான். எனவே அந்த ஊர் வீடு குளிர்காற்று வரும் வடக்கு, கிழக்கு, மேற்கு மூன்று பக்கமும் மண்ணை அணைத்துக்கொண்டு, தெற்கில் பெரிய கண்ணாடிச் சுவர் வைத்து வெயிலை உள்ளே அழைக்கும்.

நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நடுவில் மறுமுறை. எனவே கோடை வெப்பத்தின் பெரும்பங்கு தளத்தின் வழியாகவே இறங்குகிறது. அடுத்தபடியாகக் காலை வெயில் கிழக்குச் சுவரிலும் மாலை வெயில் மேற்குச் சுவரிலும் சாய்வாக அடிக்கிறது. கோடையில் தெற்குச் சுவருக்கு ஓரளவு நீண்ட சன்ஷேடே போதும்.

எனவே வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வையுங்கள். குறுகிய கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு மண்கரை அணையுங்கள். தளத்துக்கு மேல் மண் பரப்புங்கள். வடக்கையும் தெற்கையும் திறந்து வைத்துக் குறுக்குக் காற்று ஓடவிடுங்கள். நிலத்துக்குள் இறங்காமல் மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் நம் ஊருக்கு ஏற்ற மண் போர்த்திய வீடு.

ஈரக்காற்று என்னும் எதிரி

வெளிக்காற்று 30 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தால், 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இப்படிப்பட்ட காற்று சாதாரணம். மண்ணை ஒட்டிய சுவர் காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால் முதலில் அதுவே ஓதம் அடிக்கும். நீர்த்துளி படியாத 27 டிகிரிச் சுவர்மேல்கூட ஈரப்பதம் 90 சதவீதத்தை நெருங்கும். பூஞ்சை பிடிக்க அதுவே போதும். பிறகு அலமாரித் துணி நாறும், குழந்தைக்கு இழுப்பு வரும்.

ஆகவே மண் அணைத்த சுவரை ஒட்டி அலமாரியும் பீரோவும் வைக்காதீர்கள். அந்தச் சுவரின் உட்புறம் சுண்ணாம்புப் பூச்சாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். மண்கரையைத் தளத்தின் உயரம் வரை ஏற்றாமல், சுவரின் மேல்புறம் இரண்டடி விட்டு அங்கே வென்டிலேட்டர் வையுங்கள். சூடான, ஈரமான காற்று மேலெழுந்து அதன் வழியே வெளியேறும். கடலோரத்தில் கட்டுகிறவர்கள் மண்கரையை மேற்குச் சுவரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எடைக் கணக்கு

நனைந்த மண் கன மீட்டருக்கு 1.8 முதல் 2 டன் எடை இருக்கும். தளத்தில் 30 சென்டிமீட்டர் மண் பரப்பினால் ஒரு சதுர மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ சுமை ஏறும். ஆட்கள் ஏறி நடமாடும் சாதாரண மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 வைக்கச் சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதைப்போல நான்கு மடங்கை மண் மட்டும் ஏற்றுகிறது. ஏற்கெனவே கட்டிய வீட்டின் மாடியில் ஓர் அடி மண் கொட்டுவது உயிருக்கே ஆபத்து. புதிய வீட்டிலும் அஸ்திவாரம் முதல் தளம் வரை இந்த எடையை வைத்தே வடிவமைக்க வேண்டும். மேலே எடை கூடினால் நிலநடுக்கத்தின்போது கட்டடத்தை ஆட்டும் விசையும் கூடும். அதையும் பொறியாளர் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பக்கவாட்டிலும் மண் தள்ளும். 2.4 மீட்டர் உயர மண்கரை சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ இரண்டரை டன் விசையோடு தள்ளுகிறது. அந்த மண்ணில் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்றால் விசை நான்கு டன்னைத் தாண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. கம்பி போட்ட கான்கிரீட் சுவர் வேண்டும், அல்லது அடிப்பகுதி அகலமான கருங்கல் சுவர் வேண்டும். வடமேற்கு மாவட்டங்களில் கருங்கல்லும் அதை அடுக்கத் தெரிந்த கைகளும் இருப்பதால் அங்கே அதுவே இயல்பான தேர்வு.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தொடங்கிவிட்டு, மண்ணைத் தாங்குவதற்காகச் சிமென்டையும் கம்பியையும் கொட்டினால் நோக்கமே அடிபட்டுப் போகும். இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. தளத்து மண்ணை 20, 30 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள். அறையின் அகலத்தை மூன்று, மூன்றரை மீட்டருக்குள் வையுங்கள். மண் அணையாத வடக்கு, தெற்குச் சுவர்களையும் உள் சுவர்களையும் அழுத்திய மண்கற்களால் எழுப்புங்கள். சுமார் ஐந்து சதவீதம் சிமென்ட் கலந்து எந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் நீராற்றிப் பதப்படுத்தும் கற்கள் இவை. ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் பல ஆண்டுகளாக இதற்கும், இந்தக் கற்களால் வளைவுக் கூரை கட்டுவதற்கும் பயிற்சி தருகிறது. மண்ணின் எடையை வளைவுக் கூரை அழுத்தமாகவே வாங்கிச் சுவருக்கு இறக்குவதால் கம்பியின் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் வளைவின் அடி வெளிப்புறமாக உதைக்கும். அதைக் கட்டிப்பிடிக்கும் பீமும் சுவரும் சரியாக அமைய, பழகிய கொத்தனார் கட்டாயம் வேண்டும்.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

மண் போர்த்திய வீடு கெடுவதென்றால் பெரும்பாலும் தண்ணீரால்தான் கெடும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நூறு சதுர மீட்டர் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஆயிரம் லிட்டர். அந்தத் தளத்தில் காயல்பட்டினத்து மழை பெய்திருந்தால் ஒரு நாளில் 95,000 லிட்டர் இறங்கியிருக்கும்.

தளத்தில் அடுக்குகள் கீழிருந்து மேலாக இப்படி வரும். ஐம்பதுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் தளம். அதன்மேல் ஒட்டுப்போட்டு ஒட்டிய நீர்த்தடைத் தாள். அதைக் கல்லும் வேரும் குத்தாமல் காக்க ஒரு பாதுகாப்புப் படலம். பிறகு நீர் ஓடிப் போக ஜல்லிப் படுகை. ஜல்லிக்குள் மண் இறங்கி அடைக்காமல் இருக்க வடிதுணி. அதற்கு மேல்தான் மண். நீர்த்தடைத் தாள் ஒட்டியதும் மண் போடாதீர்கள். நீர் வெளியேறும் வாய்களை அடைத்து, தளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு, மூன்று நாள் அப்படியே விடுங்கள். கீழே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் மண். பின்னால் கசிந்தால் டன் கணக்கில் மண்ணை அள்ளியெடுத்துத்தான் ஓட்டையைத் தேட வேண்டும்.

மண் அணைத்த சுவருக்கும் இதே போலப் பாதுகாப்பு வேண்டும். சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடை, அதை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி, அடியில் துளையிட்ட குழாய், அந்தக் குழாய்க்குத் தாழ்வான இடத்தில் வெளிவாய். கரிசல் மண்ணைச் சுவரை ஒட்டி நிரப்பவே கூடாது. அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். செம்மண்ணும் சரளை கலந்த மண்ணும் ஏற்றவை. ஆறு அங்குலம் போட்டு இறுக்கி, பிறகு அடுத்த ஆறு அங்குலம் என்று ஏற்றுங்கள். மண் சுவரைத் தொடுவதால் அஸ்திவார நிலையிலேயே கறையான் மருந்தும் அவசியம்.

தளத்தில் புல்லும் ஆழமாக வேர்விடாத செடிகளும் போதும். காகம் எச்சமிட்டு முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளை ஆண்டுக்கு இரண்டு முறை தேடிப் பிடுங்குங்கள். விட்டால் வேர் தளத்தைப் பிளக்கும்.

விதி என்ன சொல்கிறது?

தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவாக இன்று நடப்பில் இருப்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி திட்ட அனுமதி தருகின்றன. சிறிய குடியிருப்புகளுக்கு ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளே அனுமதி தரும் அதிகாரம் பெற்றவை. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு இந்த விதிகளுக்குத் தொழில்நுட்பத் துணை. மண் போர்த்திய வீட்டுக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. சாதாரண வீட்டுக்குக் கேட்கும் கேள்விகளையே உங்களிடமும் கேட்பார்கள். சில கேள்விகளுக்கு மட்டும் கூடுதல் விளக்கம் தர வேண்டியிருக்கும்.

முதல் கேள்வி, இது பேஸ்மென்ட்டா என்பது. நிலமட்டத்துக்குக் கீழே முழுவதுமோ பாதியோ இருக்கும் தளம் பேஸ்மென்ட் என்ற வகைக்குள் போய்விடும். தேசிய நெறித்தொகுப்பு பேஸ்மென்ட்டைப் பொருள் வைக்க, வண்டி நிறுத்த, எந்திரங்கள் வைக்க என்று குறிப்பிட்ட சில பயன்களுக்கே ஒதுக்குகிறது. குடியிருக்கும் அறை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே தரைமட்டத்தை இயற்கை நிலமட்டத்துக்கு மேலே வையுங்கள். மண்கரை பிறகு வந்து சேர்வது என்பது வரைபடத்திலேயே தெரிய வேண்டும். குறுக்குவெட்டுப் படத்தில் இப்போதைய நிலமட்டம், வீட்டின் தரைமட்டம், மண்கரையின் உச்சி, சரிவு நான்கையும் அளவோடு குறித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது செட்பேக். 2.4 மீட்டர் உயரக் கரைக்கு இரண்டுக்கு ஒன்று என்ற சரிவு வைத்தால் அடி அகலம் 4.8 மீட்டர் வரும், ஏறத்தாழ பதினாறு அடி. நகரத்து ஒரு கிரவுண்ட் மனையில் அதற்கு இடமே இருக்காது. காலியாக விட வேண்டிய பக்க இடத்தை மண்கரை அடைத்தால் அதிகாரி ஆட்சேபிப்பதும் நியாயம்தான். தீயணைப்பு ஆட்கள் போகவும் அந்த இடம் தேவை. மண்கரை முழுவதும் செட்பேக் கோட்டுக்கு உள்ளேயே முடியும்படி திட்டமிட்டால் இந்தச் சிக்கல் எழாது.

மூன்றாவது வெளிச்சமும் காற்றும். நெறித்தொகுப்பின்படி குடியிருக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர். ஜன்னல் பரப்பு அறைப் பரப்பில் வறண்ட வெப்பப் பகுதியில் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பகுதியில் ஆறில் ஒரு பங்கும் வேண்டும். கிழக்கும் மேற்கும் மூடியிருப்பதால் எல்லா அறைகளும் வடக்கையோ தெற்கையோ ஒரு முற்றத்தையோ பார்க்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையறையிலிருந்தும் வெளியே போக இரண்டாவது வழி இருக்கட்டும். தீப்பிடித்தால் உயிர் காப்பது அதுதான்.

நான்காவது கட்டமைப்புக் கணக்கு. பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் வடிவமைப்பும் கையொப்பமும் இல்லாமல் இந்த வீட்டைத் தொடங்கக் கூடாது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மண்கரை வைக்கும் அளவுக்கு இடமுள்ள மனை அந்த வரம்பைத் தாண்டும் என்பதால் வழக்கமான அனுமதி வழியில் போகத் தயாராக இருங்கள்.

ஐந்தாவது நிலம். மனைப்பிரிவு அனுமதி பெற்ற இடமா, விவசாய நிலமா, அங்கே வீடு கட்ட நில உபயோகம் இடம் தருகிறதா என்று வாங்குமுன் பாருங்கள். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் ‘ஹாகா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் கூடுதல் அனுமதி வேண்டும். சரிவை வெட்டிக் கட்டும் வீடு நிலச்சரிவைத் தூண்டக்கூடும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு மிகவும் அவசியமானது. வெளியிலிருந்து மண் வாங்கினால் லாரிக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். அதையும் வரைபடத்தில் காட்ட வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் இருபது சென்ட் நிலம் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 810 சதுர மீட்டர். கிழக்கு மேற்காக நாற்பதடி, வடக்கு தெற்காக இருபத்தைந்தடி, ஆயிரம் சதுர அடி வீடு. தளத்தில் 30 சென்டிமீட்டர் மண்ணுக்கு 28 கன மீட்டர் வேண்டும். இரு பக்கமும் 2.4 மீட்டர் உயரக் கரைக்குத் தலா 44 கன மீட்டர். மொத்தம் 116 கன மீட்டர் மண். வீடும் இரு கரைகளும் சேர்ந்து கிழக்கு மேற்காக 22 மீட்டர் வரும். நிலம் ஓரளவு சதுரமாக 28 மீட்டர் இருந்தால் பக்கத்துக்கு மூன்று மீட்டர் மிஞ்சும்.

மண்ணை வெளியே வாங்க வேண்டியதில்லை. நிலத்தின் தாழ்வான மூலையில், வீட்டின் அஸ்திவாரத்துக்குத் தள்ளி, பத்து மீட்டர் நீள அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு ஒரு குட்டை வெட்டினால் கரைச்சரிவு போக 110 கன மீட்டர் கிடைக்கும். அஸ்திவாரம் தோண்டிய மண் மீதியை ஈடுசெய்யும். தளத்திலிருந்து வடியும் மழைநீரும் அந்தக் குட்டைக்கே போகட்டும். சிறுவர் இருக்கும் வீடென்றால் குட்டையைச் சுற்றி வேலி கட்டாயம்.

எதிலிருந்து தொடங்குவது?

முதலில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நிலத்தைப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, பக்கத்துக் கிணற்றில் நீர் எந்த மட்டத்துக்கு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆள் ஆழத்துக்குள் நீர் ஊறும் நிலமாக இருந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். அடுத்து மண் பரிசோதனை. பிறகு பொறியாளரோடு ஒரு தோராய வரைபடம் போட்டு, பணம் செலவழிக்கும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்திலோ டிடிசிபி அலுவலகத்திலோ காட்டிப் பேசுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு வேலையைத் தைப் பொங்கலை ஒட்டித் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர்த்தடையும் தளச் சோதனையும் முடிந்துவிடும்.

இடம் சிறியது, கடலோரம், நீர் ஊறும் நிலம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கலாம். அப்போதும் இந்த முறையின் சாரத்தை எடுத்துக்கொள்ள முடியும். புதிய தளத்தைப் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் மண்ணும் புல்லும் தாங்கும்படி வடிவமைக்கலாம். மேற்குச் சுவருக்கு மண்கரைக்குப் பதிலாகக் கொடிப் பந்தலோ குளியலறை, மாடிப்படி போன்ற தடுப்போ வைக்கலாம். நம் வெப்பத்தில் பெரும்பகுதி தளத்தின் வழியாகவும் மேற்கிலிருந்தும்தான் வருகிறது. அந்த இரண்டையும் சரிசெய்த வீட்டில் ஏசி ஓடும் நேரம் குறையும், ஓதமும் அனுமதிச் சிக்கலும் வராது. மண்கரைக்கு இடமுள்ளவர் முழுதாகச் செய்யட்டும், இல்லாதவர் இந்த இரண்டையாவது செய்யட்டும். பொறியாளரிடம் முதல் பிளான் போடும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். தளம் போட்ட பிறகு மண்ணுக்கு இடமும் இருக்காது, தாங்கும் பலமும் இருக்காது.